பிள்ளைகளைக் காட்டிற்கு அனுப்புங்கள்

பிள்ளைகளைக் காட்டிற்கு அனுப்ப வேண்டும் என்று நாம் சொன்னால், நமது மக்களுக்கு உடனே ஞாபகத்திற்கு வருவது இராமன் கதையாகத்தான் இருக்கும். காட்டிற்குப் போவது தண்டனை, நாட்டில் இருப்பது பாக்கியம் என்று தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றார்கள். வயதானவர்களோ, வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று சுடுகாட்டையே காடு என்று பேசுகின்றார்கள். இந்த இரண்டு காடுகளும் அல்லாமல், மரமும் செடியும் பூச்சியும் பறவையும் உள்ள மூன்றாவது காடு ஒன்று உண்டு என்பதும், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கின்ற பிள்ளைகளுக்கு அதைவிட மேலான பள்ளிக்கூடம் கிடையாது என்பதும் நமது கல்வி இலாகாவுக்கும் சரி, பெற்றோர்களுக்கும் சரி, இன்னும் விளங்கினதாகத் தெரியவில்லை.

புதுச்சேரிப் பட்டணத்தில் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, ஒரு காடு வரைந்து காட்டு என்று சொல்லிப் பாருங்கள். அது ஒரு சிங்கத்தை வரையும். சிங்கம் இந்தப் பக்கத்துக் காட்டு மிருகமே அல்ல. கைப்பேசியில் பார்த்த காட்டையோ, பாட்டி சொன்ன கதையில் வந்த காட்டையோதான் அந்தப் பிள்ளை வரைகின்றதே தவிர, தன் ஊருக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் காட்டை அல்ல. அது பிள்ளையின் குற்றமா என்று கேட்கின்றோம். "வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது" என்று பத்துத் தடவை எழுதச் சொல்லுகின்ற உபாத்தியாயர், ஒரு செடியைப் பிடுங்கி அதன் வேரைக் காட்டுவதில்லை. காட்டுவதற்குப் பல பள்ளிக்கூடங்களில் மண்ணே இல்லை. முற்றமெல்லாம் சிமெண்டுத் தளம்.

இது வெறும் படிப்புக் குறைபாடு என்று நாம் நினைக்கவில்லை. பார்க்காத ஒன்றைப் புத்தகம் சொல்லுகிறது என்பதற்காகவே ஒப்புக் கொண்டு, நெட்டுருப் போட்டு, பரீட்சையில் அப்படியே கக்கிவிடுகின்ற பழக்கத்தை ஆறு வயதில் ஏற்படுத்திவிட்டால், அந்தப் பிள்ளை இருபது வயதில் பஞ்சாங்கம் சொல்லுகிறது என்பதற்காக ராகுகாலத்தையும், ஜோசியன் சொல்லுகிறான் என்பதற்காகச் செவ்வாய் தோஷத்தையும் ஒப்புக் கொள்ளாமல் வேறு என்ன செய்யும்? சயன்சுப் புத்தகத்தையே மனப்பாடம் செய்தாலும் மனப்பாடம் மனப்பாடந்தான். பட்டம் வாங்கின விஞ்ஞானிகள் ராக்கெட்டு விடுவதற்கு முன் கோவிலுக்குப் போகிறார்களே, அது எப்படி என்று ஆச்சரியப்படுகின்றவர்கள், அவர்கள் முதல் வகுப்பில் எப்படிப் படித்தார்கள் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

சுற்றுச்சூழலைப் பற்றி எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் கட்டாயமாகச் சொல்லித் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1991ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் உத்தரவு போட்டது. அதனால் ஏற்பட்ட பலன் என்ன? பெரும்பாலும் பிள்ளைகளின் பையில் இன்னொரு புத்தகம் ஏறிற்று. பிரஞ்சு சர்க்கார் பள்ளிக்கூடங்களில் 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராக இருந்த நமது பாரதிதாசன், அழகின் சிரிப்பு என்னும் நூலில் காட்டுக்கும் ஆலுக்கும் தனித்தனியே இடம் கொடுத்துப் பாடினார். அதையும் ஆலமரத்தடியில் உட்கார்ந்து படிக்காமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்த்தி ஒப்பிக்க வைத்த பெருமை நம்முடையது.

நிற்க, புதுச்சேரியில் காடு ஏது என்று சிலர் கேட்கலாம். பட்டணத்திற்குள்ளேயே, பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகக் கூடிய தூரத்தில், பிரஞ்சுக்காரர்கள் 1826ஆம் வருஷத்தில் ஏற்படுத்தின தாவரத் தோட்டம் இருக்கின்றது. மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில் ஊசுட்டேரி இருக்கின்றது. அதில் புதுச்சேரியைச் சேர்ந்த பாகம் 2008ஆம் வருஷம் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. வடக்கே கடற்கரைச் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் கீழ்ப்புத்துப்பட்டில் அய்யனார் கோவிலைச் சுற்றிப் பழங்காடு ஒன்று இருக்கின்றது. மேற்கே 30 கிலோமீட்டர் சுமாருக்குத் திருவக்கரையில் கல்லாகிப் போன காடே இருக்கின்றது. இவைகளில் சில தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கின்றனவே என்று சொல்லக்கூடும். எல்லைக் கோடு வெள்ளைக்காரர்கள் இருவர் சண்டையிட்டுப் போட்டுக் கொண்டது. மரம் அதைக் கேட்டு முளைக்கவில்லை.

புத்துப்பட்டுக் காட்டை எடுத்துக் கொள்ளுவோம். இது சவுக்குத் தோப்பு அல்ல. (சவுக்குத் தோப்பைக் காடு என்று சொல்லுகிறவர்கள், நெல் வயலையும் காடு என்று சொல்லலாம்.) வீரை, காசா, நாவல் முதலான மரங்கள் கொடிகளோடு பின்னிக் கொண்டு, கோடையிலும் பச்சை மாறாமல் நிற்கின்ற காடு. சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் ஒரு காலத்தில் பரவியிருந்த இந்த ஜாதிக் காடு இன்று துண்டு துண்டாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றது. மழை குறைந்த நாட்டில் இலை உதிராத காடு எப்படி இருக்க முடியும் என்பது பெரிய பட்டதாரிகளையும் யோசிக்க வைக்கின்ற கேள்வி. ஆனால் அதற்கு விடை பத்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு எட்டும். பங்குனி மாதத்தில் கூட்டிப் போய், வீரை இலையை ஒரு கையிலும், அகலமான தேக்கிலை ஒன்றை இன்னொரு கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று சிறியது, தடித்தது, தோல் போன்றது. மற்றொன்று விசிறி போல் விரிந்தது. எது தண்ணீரைச் சீக்கிரம் இழக்கும், எந்த மரம் வெயில் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும் என்று கேட்டால் பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். உபாத்தியாயர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. திறக்காமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டம்.

அந்த மாதிரிக் காட்டில் புற்று இருக்கும். புற்றைக் கண்டால் நமது தாய்மார்கள் மஞ்சளைப் பூசி, பாலை ஊற்றி, முட்டையை உடைத்து வைத்துக் கும்பிடுகின்றார்கள். பிள்ளையும் கூடவே கும்பிடுகின்றது. ஆனால் "கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறியது" என்று பழமொழி சொல்லுகின்றவர்களும் இதே தாய்மார்கள்தான். அதாவது உண்மை நமது வாயில் இருக்கின்றது, கண்ணுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. பிள்ளைகளைப் புற்றுக்குப் பத்தடி தள்ளி உட்கார வைத்து அரைமணி நேரம் சும்மா பார்க்கச் சொன்னால் போதும். மழை பெய்த மறுநாள் இடிந்த இடத்தைக் கறையான்கள் ஈரமண் கொண்டு வந்து அடைப்பதைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு, அது யார் கட்டின வீடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாம்புக்குப் பால் ஆகாரமல்ல, அது எலியையும் தவளையையும் தின்னும் பிராணி என்று பின்னால் சொன்னால் உடனே பிடித்துக் கொள்ளும். நாம் மேடையேறி மூன்று மணி நேரம் பேசிச் செய்ய முடியாத பிரசாரத்தைக் கறையான் அரைமணியில் செய்துவிடுகின்றது.

திருவக்கரையிலும் இதே கதைதான். அங்கே மரக்கட்டைகள் அடிமரம் அடிமரமாகக் கிடக்கின்றன. தொட்டால் கல். அவைகள் அசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு புராணம் சொல்லுவார்கள். பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லுவதோ வேறு. சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலிலும் சேற்றிலும் புதைந்த மரங்கள், மண்ணிலிருந்த நீர் கொண்டு வந்த சிலிக்காச் சத்தானது மரத்தின் அணு அணுவுக்குள் புகுந்து தங்கினதால் உரு மாறாமலே கல்லாயின. பிரஞ்சு இயற்கை ஆராய்ச்சிக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே இவைகளைக் கவனித்திருக்கின்றார்கள். பிள்ளை இரண்டு விளக்கத்தையும் கேட்கட்டும். கேட்டுவிட்டு நேரே போய்க் கட்டையைப் பார்க்கட்டும். எலும்பில் பட்டை இருக்குமா, கணு இருக்குமா, கிளை முறிந்த வடு இருக்குமா என்று அதுவே தீர்ப்புச் சொல்லட்டும். குளிர்நாட்டு மரத்தை அறுத்தால் வருஷத்திற்கு ஒன்றாக வளையங்கள் தெரியும். இங்கே அப்படித் தெரிவதில்லை. ஆகையால் அக்காலத்திலும் இது உஷ்ண நாடாகவே இருந்திருக்கின்றது என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். அசுரனிடம் இவ்வளவு விஷயம் கிடைக்குமா?

இங்கே நமது எதிரிகள் ஒரு நியாயம் சொல்லுவார்கள். அதை நாம் மறைக்கப் போவதில்லை. "அய்யனாருக்குப் பயந்துதான் ஜனங்கள் அந்தக் காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கவில்லை, உங்கள் பகுத்தறிவு வந்தால் பயம் போய்விடும், பயம் போனால் கோடரி வந்துவிடும்" என்பது அது. பயம் ஒரு காலத்தில் காவல் காத்தது என்பது மெய்தான். ஆனால் இன்று காக்கின்றதா? எத்தனையோ கோவில் காடுகளில் மரத்தை வெட்டியவன் நாஸ்திகனல்ல. மண்டபம் கட்டவும், கும்பாபிஷேகத்திற்குப் பந்தல் போடவும், மோட்டார் நிறுத்த இடம் பண்ணவும் பக்தனே வெட்டியிருக்கின்றான். சாமியிடம் மட்டும் பயம் கொண்டவன், சாமிக்காக வெட்டும்போது பயப்படமாட்டான். காட்டின் அருமையை அறிந்தவன் யாருக்காகவும் வெட்டமாட்டான். பயமில்லாமல் காடு வளர்க்க முடியாது என்பதும் பொய். 1968இல் ஆரோவில் ஏற்பட்டபோது அந்த மேடு மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகப் பிளந்த செம்மண் பொட்டலாகக் கிடந்தது. வரப்புப் போட்டு மழைநீரைத் தேக்கி, மிஞ்சியிருந்த பழங்காடுகளிலிருந்து விதை பொறுக்கி வந்து நட்டு அங்கே காட்டை உண்டாக்கியிருக்கின்றார்கள். அந்த ஊரின் ஆன்மீகப் பேச்சில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர்கள் போட்ட வரப்பில் உண்டு. அவர்களில் பிச்சாண்டிக்குளம் காட்டைச் சேர்ந்தவர்கள், மரக்காணம் பக்கத்து நடுக்குப்பத்தில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே இவ்விதப் படிப்பை நடத்திக் காட்டியிருக்கின்றார்கள். ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்லுவதற்கில்லை.

வெளிநாடுகளில் இது புதிதல்ல. ஜெர்மனியில் 1904ஆம் வருஷமே பெர்லினுக்குப் பக்கத்துச் சார்லட்டன்பர்க்கில் நோஞ்சான் பிள்ளைகளுக்காகப் பைன் மரக்காட்டில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். லண்டனில் டெட்போர்டு என்னும் ஏழைகள் பேட்டையில் மக்மில்லன் சகோதரிகள் 1914இல் திறந்தவெளிப் பாலர் பள்ளி நடத்தினார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவையெல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்கும் நோயாளிப் பிள்ளைகளுக்கும் ஏற்பட்டவை. நமது நாட்டிலோ மரத்தடிப் படிப்பு என்பது ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்குகின்ற பள்ளிக்கூடங்களின் விளம்பரப் பொருளாக ஆகிக் கொண்டு வருகின்றது. கண்ணுக்கும் இதில் நன்மை உண்டு. சீனாவில் குவாங்சௌ நகரத்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியாரைத் தினம் 40 நிமிஷம் அதிகமாக வெளியில் விட்டு மூன்று வருஷம் கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 100க்குச் சுமார் 39 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் கோளாறு புதிதாக வந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் 30 பிள்ளைகளுக்குத்தான் வந்தது. கண்ணாடிக் கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இதில் நஷ்டமில்லை.

இனி நமது சொந்தத் தோழர்களே கிளப்பக்கூடிய ஆட்சேபணைக்கு வருவோம். இதுதான் முக்கியமானது. "பிள்ளைகளை வகுப்பை விட்டு வெளியே அனுப்புவது என்றால், ஆச்சாரியார் கொண்டு வந்த குலக்கல்வி அல்லவா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். 1953இல் சென்னை ராஜ்யத்தில் இராஜகோபாலாச்சாரியார் அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் தகப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். பெருங்கிளர்ச்சி எழுந்து, 1954இல் காமராசர் முதல் மந்திரியாக வந்ததும் அது ஒழிந்தது. புதுச்சேரி அப்பொழுது பிரஞ்சு ஆட்சியில் இருந்தபடியால் அந்தப் பீடை இங்கு வரவில்லை. அந்தத் திட்டத்தின் விஷம் வெளியே அனுப்பினதில் இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் ஜாதித் தொழிலுக்கு அனுப்பினதில் இருந்தது. நாம் கேட்பது அதற்கு நேர் விரோதமானது. எல்லா ஜாதிப் பிள்ளைகளும், ஒரே உபாத்தியாயரோடு, பள்ளி நேரத்திற்குள்ளேயே, படிப்பதற்காகவே போக வேண்டும். எழுத்திலும் கணக்கிலும் ஒரு மணி நேரம்கூடக் குறையக் கூடாது. குறைப்பதாயிருந்தால் ஒப்பிக்கும் நேரத்தைக் குறைக்கட்டும்.

மரத்தடிப் பள்ளிக்கூடம் என்றவுடன் குருகுலம், ஆசிரமம் என்று நாக்கில் நீர் ஊறுகின்றவர்களும் உண்டு. அவர்களுக்குச் சேரன்மாதேவியை ஞாபகப்படுத்துகின்றோம். புதுச்சேரியில் பத்து வருஷம் தங்கியிருந்து போன வ. வே. சு. அய்யர் அங்கே நடத்திய குருகுலத்திற்குக் காங்கிரசு 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் கொடுத்தது. ஊரார் பணமும் சேர்ந்தது. தாமிரபரணித் தண்ணீரும் மரநிழலும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தன, ஆனால் பார்ப்பனப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு மட்டும் தனி. 1924-25இல் அதை எதிர்த்துக் கிளம்பின சண்டையில் பெரியார் முன் நின்றார் என்பது நமது வாசகர்கள் அறிந்ததே. ஆகவே காட்டிற்குப் போகும் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட வேண்டும் என்பதை நாம் சில்லறை விஷயமாகக் கருதவில்லை. பிரஞ்சு ஆட்சியிலேயே 1930இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட ஆரம்பித்த ஊருக்கு இது ஒரு கஷ்டமல்ல.

யார் சொல்லிக் கொடுப்பது? உபாத்தியாயர்களுக்கே மரத்தின் பெயர் தெரியாதே என்றால், தெரிந்தவர்கள் இருக்கின்றார்கள். இருளர் சமூகத்துக் கிழவி ஒருத்தியை அழைத்து வந்து முன்னால் நிறுத்துங்கள். எந்தக் கொடியின் கீழ் கிழங்கு இருக்கும், எந்த வளையில் எலி இருக்கிறது, எது பாம்பு போன தடம் என்று அவர் காட்டுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். புதுச்சேரியில் இருளர்களைப் பழங்குடிகள் என்று சர்க்கார் பட்டியலில் சேர்த்ததே 2016 டிசம்பரில்தான். 1978இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்து நாடு முழுவதுக்கும் பாம்புக்கடி மருந்து தயாராகின்றது. இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ பட்டமும் கொடுத்தார்கள். பட்டம் கொடுத்தது சரி, பள்ளிக்கூடத்தில் நாற்காலி எப்பொழுது கொடுப்பது? தர்மத்திற்கு அழைக்கக் கூடாது. மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்து, அம்மா என்றும் அய்யா என்றும் பிள்ளைகள் எழுந்து வணங்கும்படியாக அழைக்க வேண்டும். தன் பாட்டி வகுப்பின் முன் நிற்பதைக் காணும் இருளப் பிள்ளையும், அவரிடம் பாடம் கேட்கும் முதலியார் வீட்டுப் பிள்ளையும் அன்று ஒரே சமயத்தில் படிக்கின்ற பாடம் ஒன்று உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்கப்படவில்லை. அதே சமயத்தில், இருளப் பிள்ளைதானே, இவனுக்குக் காடு போதும், எழுத்து எதற்கு என்று எந்த உபாத்தியாயராவது நினைப்பாரானால் அவரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்த வேண்டும்.

பெற்றோர்கள் பாம்பு என்பார்கள். நியாயமான பயந்தான். நமது பக்கத்தில் மனிதரைக் கொல்லக்கூடிய முக்கியமான பாம்புகள் நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்கின் படத்தையும் பார்த்து, காலில் செருப்பு போட்டு, தடியால் தட்டி, கை விடும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கைவிடப் பழகின பிள்ளை, பழகாத பிள்ளையைவிட வீட்டுக் கொல்லையிலும் பத்திரமாக இருக்கும். கடித்தால் மந்திரிக்க ஓடாமல் கோரிமேட்டு ஜிப்மருக்கோ பக்கத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ ஓட வேண்டும் என்று பத்து வயதில் தெரிந்து கொண்ட பெண், நாளைக்கு ஒரு குடும்பத்தின் உயிரைக் காப்பாற்றுவாள். பெண் என்று ஏன் சொல்லுகிறோம் என்றால், இவ்வித யாத்திரைக்குப் பையன்களை அனுப்பிவிட்டுப் பெண்களை வீட்டில் நிறுத்துகின்ற புத்தி நம்மவர்களுக்கு உண்டு. வேண்டுமானால் பையன்களை நிறுத்திக் கொள்ளட்டும்.

சர்க்காரை நாம் கேட்பது அதிகமொன்றுமில்லை. ஒவ்வொரு சர்க்கார் ஆரம்பப் பள்ளி வகுப்பும் மாதத்தில் ஒரு நாள் வெளியில் கழிய வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, தொப்பி போட்டு, போட்டோ எடுத்து, மரக்கன்று ஒன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றாமல் விட்டு வருகின்ற விழா நமக்கு வேண்டாம். ஒரே இடத்திற்குப் பன்னிரண்டு மாதமும் போனால்தான் பூ காயாவதும், காய் விழுவதும், விழுந்த இடத்தில் முளைப்பதும் தெரியும். கல்வி இலாகா வண்டியும் சோறும் கொடுக்கட்டும். வன இலாகா ஆள் கொடுக்கட்டும். கூடப் போகும் உபாத்தியாயருக்கு அன்றைய தினம் வேறு கணக்கு எழுதும் வேலை கொடுக்கக் கூடாது. போகின்ற இடத்தில் கோவில் இருந்தால் அதற்குள் பிள்ளைகளை அழைத்துப் போய் விபூதி பூசி அனுப்புகின்ற வேலையும் கூடாது. வீட்டில் கும்பிடுகிறவர்கள் வீட்டில் கும்பிட்டுக் கொள்ளட்டும், இது பள்ளிக்கூட நேரம்.

இவ்வளவுக்கும் பணம் ஒதுக்கி உத்தரவு வருகிற வரையில் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கும் உபாத்தியாயத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். பட்டணத்திற்குள் இருக்கும் பள்ளிகள் தாவரத் தோட்டத்திற்குப் போக வண்டியே வேண்டியதில்லை. அதுவும் முடியாத இடங்களில் தெருமுனையில் ஒரு வேப்பமரமாவது, பூவரச மரமாவது இருக்கும். ஒரு கயிற்றை வட்டமாகப் போட்டு, அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணி எழுதி வரும்படி நான்காம் வகுப்பை வருகிற வாரம் அங்கே அனுப்பிப் பாருங்கள்.